தொரட்டிக்காட்டின் பதினொரு புள்ளிகள்

சூளை, சென்னை
12-6-1968

அன்புள்ள அக்காவுக்கு,

தபாலில் வந்த நீளச் சுருளைப் பிரிக்கும் முன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடுங்கள். எங்கள் அச்சகம் பள்ளிக்கூடங்களுக்காகப் போட்டிருக்கும் சரித்திர தேசப்படம் அது. கும்பினிக்காரன் நம் நாட்டைத் துண்டு துண்டாகப் பிடித்த கதையை ஆறு படங்களில் சொல்லியிருக்கிறோம். ஆறில் இரண்டு நம் ஊர்ப் பக்கத்துப் பாராமகால் பற்றியவை. அந்த இரண்டையும் வரைந்தது உங்கள் தம்பி. ஏழு வருடம் மற்றவர்கள் கோட்டுக்கு மையூற்றிக்கொண்டிருந்தவனுக்கு இப்போதுதான் முழுப் படம் கையில் கிடைத்தது.

இதற்காக இரண்டு மாதம் பழைய ஆவண அறையில் உட்கார்ந்தேன். அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். மலையை மயிர் போன்ற கோடுகளாலேயே எழுப்பியிருக்கிறான். நானும் அப்படியே செய்திருக்கிறேன். வத்தல்மலையை விரலால் தடவிப் பாருங்கள், மேடு தட்டுப்படுவது போல இருக்கும்.

ஒரு வேடிக்கை. சர்வேக்காரன் மலையிலேயே உட்கார்ந்து கிறுக்கிய வரைவுத்தாளும் அங்கே இருந்தது. அதில் தொரட்டிக்காடு இருக்கிறது அக்கா. மழை பொய்த்த வருடம் அப்பா நம்மைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று மாதம் தங்க வைத்தாரே, குள்ளன் வீட்டில் சாமைக்களி தின்றோமே, காக்காக்கால் சாமிக்குப் பொங்கல் வைத்தார்களே, அதே ஊர். பதினொரு புள்ளிகள் வைத்து, ஓரத்தில் ஏதோ எழுதியிருந்தான். ஆனால் சீமைக்குப் போன திருத்தப் படத்தில் அது இல்லை. 'பாழ்மலை, குடியில்லை' என்று மட்டும் இருந்தது. முதலாளி திருத்தப் படத்தைப் பார்த்துத்தான் எழுதச் சொன்னார். எனக்கும் புள்ளி வைத்தால் மலையின் நிழல் கெட்டுவிடும் போலிருந்தது. விட்டுவிட்டேன்.

படத்தில் வரைந்தவன் பெயர் போடும் வழக்கம் இங்கே கிடையாது. ஆனாலும் பூதக்கண்ணாடி வைத்து வத்தல்மலையின் கிழக்குச் சரிவைப் பாருங்கள். கோடுகளுக்கு நடுவே 'அ.யா.' என்று இருக்கும். அல்போன்ஸ் யாகப்பன். அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். லூர்தம்மாள் உங்களை ஒரு தடவையாவது பட்டணம் வரச் சொல்கிறாள்.

உங்கள் தம்பி,
அல்போன்ஸ்


சேசு மரி சூசை துணை

தருமபுரி
2-7-1968

தம்பி அல்போன்சுக்கு,

படம் வந்தது. ஏழாம் வகுப்புச் சுவரில் மாட்டிவிட்டேன். தலைமையாசிரியர் பார்த்துவிட்டு "நம்ம யாகப்பன் மவனா இதை எளுதினான்?" என்று மூன்று முறை கேட்டார். அம்மா கண்ணாடியில்லாமலேயே பார்த்து அழுதாள். என் கண்ணும் கலங்கியது, அதை மறைக்கவில்லை.

இனி மனதில் பட்டதைச் சொல்கிறேன். முதல் படத்தின் வருடத்தைப் பார்த்தேன். கும்பினிக்காரன் திப்புவோடு போட்ட சண்டை முடியவேயில்லை, நம் மலைகள் இன்னும் மைசூரார் கையில் இருக்கின்றன. அதற்குள் தன் சிவப்புச் சாயத்தைப் பூசிவிட்டான். அடுத்தவன் வீட்டுக் கதவுக்கு நம் வர்ணத்தை அடித்துவிட்டு, பிறகு சாவியைக் கேட்பது போல இருக்கிறது. பாடப்புத்தகத்தில் சண்டை போட்டு, உடன்படிக்கை போட்டு, நாடு கைமாறியது என்றுதான் நானும் இருபது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். சண்டைக்கு முன்னாலேயே படம் போய் உட்கார்ந்துகொண்டது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சீமையில் பணம் போட்டவன் இந்தப் படத்தைப் பார்த்துத்தானே, நல்ல இடம், ஆளுமில்லை, பிடித்துக்கொள் என்று தலையாட்டியிருப்பான்.

குடியில்லை என்று எழுதியிருக்கிறானே, எந்தக் கண்ணால் பார்த்தான்? போகட்டும், அவன் வெள்ளைக்காரன். நீ பூசாரி வீட்டுப் பொங்கலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றவன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ ஒரு ஊரையே நிழலில் மறைத்துவிட்டு, அதை எனக்கு வேடிக்கை என்று எழுதுகிறாய்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உன் பெயர் தெரிந்தது. அந்த இரண்டு எழுத்துக்கு நிழல் கெடவில்லையா?

திட்டுகிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் பரவாயில்லை.

அக்கா,
ராஜமேரி


சூளை, சென்னை
20-7-1968

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எதற்கும் சந்தோஷப்பட மாட்டீர்கள் என்று லூர்தம்மாளிடம் முன்பே சொன்னேன்.

இது சரித்திரப் படம். அன்றைக்கு அவர்கள் எப்படி வரைந்தார்களோ அப்படிக் காட்டுவதுதான் என் வேலை. அவன் பொய் எழுதியிருந்தால் அந்தப் பொய்யை ஒழுங்காக நகல் எடுப்பதுதான் நேர்மை. நூற்று எழுபது வருடத்துக்கு முந்திய பதினொரு குடிசைகளால் இன்று யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது? பிள்ளைகள் பரீட்சையில் வருடத்தைத்தான் எழுதப் போகிறார்கள்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அல்போன்ஸ்


சேசு மரி சூசை துணை

தருமபுரி
9-2-1969

அல்போன்சுக்கு,

யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்டாய். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்திருக்கிறது.

போன வியாழக்கிழமை குள்ளன் வந்தார். சந்தைக்கு வரும்போதெல்லாம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொஞ்சம் கொள்ளோ தேனோ கொடுத்துவிட்டுப் போகிறவர்தான். இந்தத் தடவை வகுப்பறைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு காகிதம். வெள்ளிமேகம் எஸ்டேட் என்று ஒரு காப்பித் தோட்டக் கம்பெனி. தொரட்டிக்காட்டையும் சுற்றியுள்ள சாமைக் காடுகளையும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். கும்பினி காலத்தில் எவனோ ஒரு துரைக்கு 'ஆளில்லாத பாழ்மலை' என்று எழுதிக்கொடுத்த பட்டயமாம். அது கைமாறிக் கைமாறி இவர்களிடம் வந்ததாம். அதனால் அங்கே இருபத்திமூன்று வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் நேற்று நுழைந்த ஆக்கிரமிப்பாளர்களாம்.

குள்ளன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "டீச்சரம்மா, இல்லாத ஊர்ல நாங்க இருக்கறமாங்க. எங்கப்பன் இருந்தான், அவங்கப்பன் இருந்தான், யாருமே இல்லீங்களாம். இது என்னங்க ஞாயம்?"

அவரோடு நானும் விசாரணைக்குப் போனேன். இங்கே ஒரு எல்லை விசாரணை அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். எஸ்டேட்டின் வக்கீல் சேலத்திலிருந்து வந்திருந்தார். பழைய பட்டயத்தை நீட்டினார். பிறகு ஒரு சுருளைப் பிரித்தார். சுருள் பாதி விரியும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் படம். "சர்க்கார் பள்ளிக்கூடமெல்லாம் ஒப்புக்கொண்ட படம். இதிலும் குடியில்லை" என்று வத்தல்மலையில் பென்சிலால் தட்டினார். உன் பெயர் இருக்கும் அதே இடத்தில் தட்டினார்.

நான் எழுந்து, அதை வரைந்தது என் தம்பி, அந்த இடத்தில் ஊர் இருந்தது அவனுக்குத் தெரியும் என்றேன். வக்கீல் சிரித்தார். "அப்ப ஏம்மா போடல?" என்றார். அந்தக் கேள்வியை அப்படியே உனக்கு அனுப்புகிறேன்.

அந்த வரைவுத்தாளின் நகல் வேண்டும். முத்திரையோடு வேண்டும். நீயே வந்து, நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். மே பத்தொன்பதாம் தேதிக்கு விசாரணையைத் தள்ளியிருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போக ஊர்க்காரர்களிடம் காசில்லை. இந்த விசாரணையில் தோற்றால் அடுத்த மழைக்கு முன் ஊரைப் பிரித்துவிடுவார்கள்.

ராஜமேரி


சூளை, சென்னை
25-2-1969

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் என் நிலையையும் நீங்கள் கேட்க வேண்டும்.

ஆவண அறைக்குள் போகும் அனுமதி என் பெயரில் இல்லை, முதலாளி பெயரில் இருக்கிறது. தேசப்படத்துக்காக மட்டும் என்று எழுதி வாங்கியது. அதை வைத்துக்கொண்டு வழக்குக்கு நகல் எடுத்தேன் என்று தெரிந்தால் அச்சகத்தின் பெயரே கெட்டுவிடும். அதோடு, எங்கள் படம் தப்பு என்று நானே போய்ச் சொன்னால் எந்தப் பள்ளிக்கூடம் அதை வாங்கும்?

இப்போது மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறிவிட்டதால் இரண்டாம் பதிப்பு போடுகிறார்கள். அதற்கு என்னைத் தலைமை வரைவாளனாகப் போடுவதாக முதலாளி போன வாரம்தான் சொன்னார். இந்த நேரத்தில் நான் எப்படி வாய் திறப்பேன்? இரண்டாம் பதிப்பில் எப்படியாவது பதினொரு புள்ளிகளைச் சேர்த்துவிடுகிறேன். அதற்கு மேல் என்னால் என்ன முடியும்?

அந்த அதிகாரி நல்லவராக இருந்தால் ஊரை நேரில் போய்ப் பார்ப்பாரே. ஊர் கண்ணுக்குத் தெரியும்போது காகிதம் எதற்கு?

குள்ளன் மாமாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அல்போன்ஸ்


தருமபுரி
10-3-1969

விசாரித்ததாகச் சொல்ல மாட்டேன். வேண்டுமானால் நீயே வந்து சொல்.

ஊர் கண்ணுக்குத் தெரியும்போது காகிதம் எதற்கு என்கிறாய். காகிதத்தில் பிழைக்கிற நீயா இதைக் கேட்கிறாய்? கண்ணுக்குத் தெரிந்த ஊரைக் காகிதத்தில் இல்லாமல் செய்தவனே நீதான்.

இங்கே நடந்ததைக் கேள். எஸ்டேட் மேனேஜர் ஆட்களோடு தொரட்டிக்காட்டுக்குப் போயிருக்கிறான். ஊர் நடுவில் காக்காக்கால் சாமியைப் பார்த்தான். கல்லில் பூசியிருந்த மஞ்சளைச் சுரண்டச் சொன்னான். ரங்கம்மாள், குள்ளனின் மனைவி, குறுக்கே விழுந்து தடுத்திருக்கிறாள். கேட்கவில்லை. மஞ்சளுக்கு அடியில் காக்கையின் கால் போல மூன்று கோடு. அது சாமியே இல்லையாம், கும்பினி சர்வேக்காரன் நட்ட அளவைக் கல்லாம். அது இருக்க வேண்டிய இடம் கீழ்ச்சரிவில் ஒன்றரை மைல் தள்ளியாம். அதனால் சர்க்கார் கல்லைத் திருடி இடம் மாற்றியதாக ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் மேல் புகார் கொடுத்திருக்கிறான். முதல் பெயர் குள்ளன்.

குள்ளனிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "எங்க முப்பாட்டன் காலத்துல தொப்பிக்காரனுங்க மலையேறி வந்தாங்களாம். சொமை தூக்கப் புடிச்சிக்கிட்டுப் போவானுங்கன்னு அல்லாரும் காட்டுக்குள்ள ஓடிட்டாங்க. மூணாம் நாளு வந்து பாத்தா ஊரு நடுவுல கல்லு. ஆளு யாரும் நட்டதைப் பாக்கல. சாமி தானா வந்துச்சுன்னு மஞ்சப் பூசிட்டாங்க. பெறவு பெரியம்மை வந்து ஊரை மேல தூக்குனப்ப, சாமியை வுட்டுட்டா வரமுடியும்? எட்டுப் பேரு சொமந்துக்கிட்டு வந்தாங்க. அது வெள்ளக்காரன் கல்லுன்னு யாருங்க எங்களுக்குச் சொன்னாங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். தங்களைத் துரத்த வந்தவனின் குறியைத்தான் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் மேனேஜர் எதிரே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். நோட்டீசில் அந்த மலையில் குடியே கிடையாது என்கிறார்கள். புகாரில் அந்தக் குடிகளின் முன்னோர் கல்லைத் தூக்கிப் போனார்கள் என்கிறார்கள். குடியே இல்லாத மலையில் கல்லைத் தூக்கியது யார்? அந்தக் கல் ஊர் நடுவில்தான் நடப்பட்டது என்று உன் வரைவுத்தாளில் ஒரு வரி இருந்தால் போதும். ஓரத்தில் ஏதோ எழுதியிருந்தான் என்று நீதான் எழுதினாய். அந்த ஏதோ என்ன? படித்தாயா, இல்லை மலைக்கோடுகளை மட்டும் ரசித்துவிட்டு வந்தாயா?

நீ அந்த ஊரில் களி தின்றவன். அந்த மூன்று மாதம் அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் குறைத்து நமக்குப் போட்டார்கள். அம்மா சொல்வதில்லை, எனக்குத் தெரியும்.

இனி நான் எழுத மாட்டேன்.

ராஜமேரி


சூளை, சென்னை
2-5-1969

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த ஐம்பது நாளில் நாலு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். நாலிலும் என் பக்கத்து நியாயம்தான் இருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன் ஆவண அறைக்குப் போனேன். அச்சகத்தின் அனுமதிக் கடிதத்தைக் காட்டவில்லை. என் பெயரில் மனுக் கொடுத்து, மூன்று நாள் வாசலில் காத்திருந்து வாங்கினேன். அங்கே மை கொண்டுபோக விட மாட்டார்கள், பென்சில் மட்டும்தான். இரண்டு நாளில் அந்தத் தாளை அப்படியே எழுதிவிட்டேன். ஒப்பிட்டுப் பார்த்து முத்திரையும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

ஓரத்தில் எழுதியிருந்ததை முதல் தடவை நான் படிக்கவில்லை. நீங்கள் சொன்னதுதான் உண்மை. கிறுக்கலான இங்கிலீஷ், எனக்கு அது அலங்காரம் போலத் தெரிந்தது. இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். தமிழில் தருகிறேன்:

'வீடுகள் பதினொன்று. தானியம் காய்கிறது. அடுப்புகளில் சூடு இருந்தது. ஆட்களைக் காணவில்லை. வீடுகளின் நடுவே கல் நடப்பட்டது.'

அடுப்பில் கை வைத்துப் பார்த்திருக்கிறான் அக்கா. சூடு இருந்தது என்று எழுதவும் செய்திருக்கிறான். அவன் பொய்யன் இல்லை. ஆட்களைக் காணவில்லை என்று மலையில் எழுதியது, பட்டணத்தில் ஒருவன் கையில் குடியில்லை என்று ஆகிவிட்டது. முந்திய படத்தில் காலி என்று போட்டுச் சீமைக்கு அனுப்பியாகிவிட்டது, அதைத் திருத்தினால் மேலே இருப்பவர்களுக்குச் சங்கடம். அந்த ஒருவனும் என்னைப் போல மேசையில் உட்கார்ந்து, நல்ல பேனாவைப் பிடித்துக்கொண்டு, மேலதிகாரி சொன்னபடி அழகாகத் திருப்பி எழுதியிருப்பான். அவனுக்கும் பதவி உயர்வு கிடைத்திருக்கலாம்.

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். போனால் திரும்பி வர வேண்டாம் என்றார். லூர்தம்மாள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என் வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தாள்.

பதினெட்டாம் தேதி ரயிலுக்கு வருகிறேன். நீங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். வந்தால் சந்தோஷம்.

உங்கள் தம்பி,
அல்போன்ஸ்


சேசு மரி சூசை துணை

தருமபுரி
28-5-1969

அன்புள்ள தம்பிக்கு,

நீ ரயிலேறிப் போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

விசாரணையில் நீ நின்றதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், அதைத் திருப்பி எழுத வேண்டியதில்லை. "இந்தப் படத்தை வரைஞ்சவன் நான்தானுங்க. ஊரைப் போடாம வுட்டவனும் நான்தானுங்க" என்று நீ நம் பேச்சிலேயே சொன்னாயே, பட்டணத்துப் பேச்சை எங்கே வைத்துவிட்டு வந்தாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள். வக்கீல் உன்னை விலைக்கு வாங்கிய சாட்சி என்று சொன்னபோது நான் பேசியிருக்கக் கூடாது என்கிறாயா? பேசியது பேசியதுதான். வேலையை விற்றுவிட்டு வந்தவனை வாங்கியது யார் என்று கேட்டேன், அவ்வளவுதானே.

நீ ஒப்படைத்த தாளை அதிகாரி இரண்டு நாள் வைத்துப் படித்தாராம். மறுபடி கூப்பிட்டார். வக்கீலிடம், "கல் ஊர் நடுவில் இருந்தது என்றால் ஊர் இருந்தது. ஊர் இல்லை என்றால் கல்லைத் திருட ஆளில்லை. இதில் எது உங்கள் கட்சி?" என்று கேட்டார். வக்கீல் அவகாசம் கேட்டார். மறுநாளே திருட்டுப் புகாரை வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஊர் இருந்தது என்று ஒப்புக்கொள்வதைவிடக் கல்லே இல்லை என்று சொல்லிவிடலாம் என்று பார்க்கிறார்கள். அதற்குள் தாள் பதிவாகிவிட்டது.

அதிகாரி நோட்டீசை நிறுத்தி வைத்திருக்கிறார். மலையைப் புதிதாக அளந்து, இப்போது இருப்பவர்களை எழுதிவரச் சொல்லி உத்தரவு. சர்வேயர் அறுவடைச் சமயத்தில் வருவாராம். இது ஜெயம் இல்லை, எனக்குத் தெரியும். நூற்று எழுபது வருடமாக அங்கே இருப்பவன், இருக்கிறேன் என்று மறுபடியும் நிரூபிக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து அழித்தவன் எதையும் நிரூபிக்க வேண்டாம். இதை நினைத்தால் எனக்கு வகுப்பில் சாக்பீஸ் உடைகிறது.

திரும்பிப் போனதிலிருந்து உன் வேலையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. போய்விட்டதா?

உன் அக்கா,
ராஜமேரி


சூளை, சென்னை
15-7-1969

அன்புள்ள அக்காவுக்கு,

போய்விட்டது. இப்போது கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறேன். நேற்று ஒரு சோப்புக் கடைக்கு எழுதினேன். எழுத்து பெரியது, பூதக்கண்ணாடி வேண்டியதில்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். மலைக்கோடு இழுத்த விரல் சோப்பு என்று எழுதும்போது கொஞ்சம் வலிக்கிறது.

ஊரிலிருந்து திரும்பியதும், என் பெட்டியையும் பேனாக்களையும் எடுத்துவர அச்சகத்துக்குப் போனேன். இரண்டாம் பதிப்பின் மூலப்படம் மேசையிலேயே இருந்தது. முதலாளி கணக்குப்பிள்ளையை அழைக்க எழுந்து போன ஐந்து நிமிடத்தில் கிழக்குச் சரிவில் இருந்த 'அ.யா.'வைச் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில் பதினொரு புள்ளிகளை வைத்துவிட்டேன். தாராளமாக இடம் இருந்தது. நிழலும் கெடவில்லை. நான் முன்பு சொன்ன சாக்கை நினைத்து அங்கேயே நின்று வெட்கப்பட்டேன்.

அச்சில் அது வருமா என்று தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு வந்தால் பார்த்து எழுதுங்கள்.

அல்போன்ஸ்


சேசு மரி சூசை துணை

தருமபுரி
30-11-1969

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டாம் பதிப்பு வந்தது. தமிழ்நாடு என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், அதில் சந்தோஷம். பூதக்கண்ணாடியை எடுத்தேன். உன் பெயரும் இல்லை, புள்ளிகளும் இல்லை. யாரோ கவனித்து, அந்த இடத்தை மறுபடி கோடிழுத்து வழவழவென்று மூடிவிட்டான். உன்னைவிட அவன் கை சுத்தம். நான் என்ன செய்தேன் தெரியுமா? திருத்துவதற்கு வைத்திருக்கும் சிவப்பு மையை எடுத்து, வகுப்பு முழுக்கப் பார்க்க, இருபத்திமூன்று புள்ளிகள் வைத்தேன். பதினொன்று அன்றைய கணக்கு. இன்றைய கணக்கு இருபத்திமூன்று. பள்ளிக்கூடச் சொத்தைக் கெடுத்ததாகத் தலைமையாசிரியர் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். எழுதிக் கொடுப்பேன், அவர் படிக்க முடியாத அளவுக்கு நீளமாக எழுதிக் கொடுப்பேன்.

சர்வேயர் இருபதாம் தேதி வருவதாகத் தகவல் அனுப்பினார்கள். நானும் லீவு போட்டுவிட்டு மலையேறினேன். என் முழங்காலுக்கு அது ஒரு தண்டனை. போய்ப் பார்த்தால் சாமை அறுப்பு பாதியில் நிற்கிறது. யாரும் காட்டுக்குப் போகவில்லை. இருபத்திமூன்று வீட்டு வாசலிலும் அந்தந்த வீட்டுக்காரர்கள் நிற்கிறார்கள். படுத்த படுக்கையாக இருந்த மாரப்பனைக் கட்டிலோடு தூக்கி வாசலில் வைத்திருந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி கருப்பி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஏன் இப்படி என்று ரங்கம்மாளைக் கேட்டேன்.

"போன தடவை ஓடிட்டோம்னுதானுங்க இவ்வளவு வந்துச்சு. இந்தத் தடவை நாங்க இருக்கறதை அவுங்க கண்ணால பாக்கட்டும்" என்றாள்.

அன்று சர்வேயர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அறுக்காத கதிரைக் குருவி தின்றது. நான் கோபத்தில் கத்தினேன், நீங்கள் போய் அறுங்கள், வந்தால் கூப்பிடுகிறேன் என்றேன். ஒருவரும் நகரவில்லை. இருபத்திரண்டாம் தேதி பதினோரு மணிக்குத்தான் அந்த மனிதர் அளவைச் சங்கிலியும் ஆட்களுமாக வந்து சேர்ந்தார். லேட்டானதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் வாசல்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார், அதையும் எழுதத்தான் வேண்டும். எத்தனை வீடு என்று குள்ளனைக் கேட்டார். நீங்களே எண்ணிக்குங்க என்றார் குள்ளன். சர்வேயர் ஒவ்வொரு வாசலாக நடந்து எண்ணி, பெயர் கேட்டு எழுதினார். நான் பின்னாலேயே போய் எழுத்தைச் சரிபார்த்தேன். தன் பெயரை எழுதும்போது மாரப்பன் கட்டிலில் இருந்தபடியே அதை இரண்டு முறை சொன்னார்.

கடைசியில் புதுக் கல் நட வேண்டும் என்றார் சர்வேயர். ஊர் நடுவில், காக்காக்கால் சாமிக்கு நாலடி தள்ளிக் குழி தோண்டினார்கள். எல்லோரும் நின்று பார்த்தார்கள். கல்லை இறக்கி, மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். அதன் தலையிலும் அதே மூன்று கோடு.

சர்வேயர் கை கழுவிக்கொண்டே, ஏதாவது பூசை போடுவதென்றால் போட்டுக்கொள்ளுங்கள் என்று சிரித்தபடி சொன்னார். கேலியாகச் சொன்னாரா, மரியாதையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. குள்ளன் பழைய கல்லைப் பார்த்தார், புதுக் கல்லைப் பார்த்தார்.

"அதை நட்டப்ப நாங்க பாக்கலீங்க, அதனால சாமின்னு நெனைச்சோம். இதை நீங்க நட்டதைப் பாத்துட்டோம். இதுக்கு மஞ்சப் பூச மாட்டோமுங்க."

உன் அக்கா,
ராஜமேரி